பருவ இறுதிச் சுற்றறிக்கையில் தொலைந்துபோகும் நினைவூட்டல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஒரு சுற்றறிக்கை வீடுகளுக்குப் போகும். விளையாட்டு விழாவில் வென்றவர்கள், கலைநிகழ்ச்சிக்கு உழைத்தவர்களுக்கு நன்றி, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் என்று முதல் பக்கம் நிறைந்துவிடும். நன்றித் திருப்பலி எத்தனை மணிக்கு, பிள்ளையின் மருந்தை யார் வந்து வாங்கிப்போக வேண்டும், முதல் நற்கருணையான புதுநன்மைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தின் அடியில் நெருக்கியடித்துக் கிடக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியைப் படிக்காதவர்கள்தான். குறை அவர்கள் மேல் மட்டும் இல்லை. செய்தியையும் நினைவூட்டலையும் சேர்த்துக் குழைத்து எழுதினால் முதலில் காணாமல் போவது நினைவூட்டல்தான். தொடக்கப் பள்ளி அலுவலகத்திலும் மறைக்கல்வி வகுப்பிலும் பணியாற்றுகிறவர்கள் என்ற முறையில், தங்கள் நாளிதழைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதுபற்றிச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் வேலை, இரண்டையும் இரண்டு தாள்களாகப் பிரிப்பது. செய்தித்தாள் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும். நினைவூட்டல் தாள் ஒரே பக்கம், அதுவும் ஒரு புறம் மட்டும் அச்சிட்டதாக இருக்க வேண்டும். சுவரில் ஒட்டினால் பின்பக்கம் யார் கண்ணிலும் படாது. அதில் வரும் ஒவ்வொரு வரியும் எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை மணி, யார் செய்ய வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். "அடுத்த வெள்ளியன்று நன்றித் திருப்பலி நடைபெறும், அனைவரும் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற வரி இந்தச் சோதனையில் தேறாது. வியாழனன்று அந்தத் தாளைப் பையிலிருந்து எடுக்கும் தாய்க்கு அடுத்த வெள்ளி என்பது நாளையா, எட்டு நாள் கழித்தா? அதையே இப்படி எழுதலாம்: "18ஆம் தேதி வெள்ளி, காலை 9.30, பங்குக் கோவிலில் நன்றித் திருப்பலி. 1 முதல் 5 வரை எல்லா வகுப்பும். பிள்ளைகள் வழக்கம்போல் 8.30க்குப் பள்ளிக்கு வர வேண்டும், நேராகக் கோவிலுக்கு அல்ல. பெற்றோர் 9.15க்குக் கோவிலுக்கு வரலாம். 11 மணிக்குப் பள்ளி வாசலில் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்." வரி நீண்டுவிட்டது, ஆனால் தொலைபேசி அழைப்பு குறையும்.

தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று நாள்காட்டியை வைத்துப் பார்க்க வேண்டியது தட்டச்சு செய்தவரல்லாத இன்னொருவர். போன ஆண்டின் தாளைத் திறந்து தேதியை மட்டும் மாற்றும்போது கிழமை பழையபடியே நின்றுவிடும். இதுவே அதிகம் நடக்கும் பிழை. அப்படி அச்சான தாளைப் பார்த்துப் பாதி வீடுகள் தேதியை நம்பும், மீதி கிழமையை நம்பும். திருத்தம் அனுப்பினாலும் முதல் தாளின் படம்தான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் திருத்திய தாளின் தலையில் "திருத்திய தாள், இதற்கு முன் வந்ததைக் கைவிடவும்" என்று பெரிய எழுத்தில் போட்டு, வேறு நிறக் காகிதத்தில் அச்சிட வேண்டும்.

படிக்க இயலாத தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்த வீடுகளுக்கு நினைவூட்டல் தாளை அப்படியே வாசித்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத குரல் பதிவாக அனுப்பலாம். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் தாள் ஒரு வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். பிள்ளையைப் பார்க்க உரிமையுள்ள இருவருக்கும் தனித்தனிப் படி போக வேண்டும். "உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடு" என்று ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

நன்றித் திருப்பலி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து மயங்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். திருப்பலியில் புனித அப்பமாகக் கொடுக்கப்படும் நற்கருணையை உட்கொள்வதற்கு முன் கடைப்பிடிக்க வேண்டிய நோன்பு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரமும் திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணாமல் இருந்த காலத்தில் வளர்ந்த பெரியவர்கள் அதையே பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 9.30க்குத் திருப்பலி என்றால் நற்கருணை 10 மணிக்கு மேல்தான் வரும், ஆகவே பிள்ளை எட்டரைக்குள் வயிறார உண்டுவிட்டு வரலாம். இந்த ஒரு வரியை நினைவூட்டல் தாளில் சேர்த்தால் கோவிலில் தண்ணீர் தெளித்து எழுப்பும் வேலை குறையும். இன்னும் புதுநன்மை வாங்காத சிறு பிள்ளைகளுக்கும் பிற சமயப் பிள்ளைகளுக்கும் இந்த நோன்பு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாசகங்களைப் பொறுத்தவரை, சிறுவர் திருப்பலிக்கென்று 1973இல் உரோமை வெளியிட்ட வழிகாட்டி நல்ல இடம் தருகிறது. அன்றைய வாசகங்கள் பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், ஒன்று மட்டும்கூடப் போதும். நற்செய்தியை மட்டும் எந்நிலையிலும் விடக் கூடாது. பங்குத்தந்தை இசைந்தால், நற்செய்திக்குப் பிறகு பிள்ளைகளின் மொழியில் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் பேசவும் அந்த வழிகாட்டி இடம் தருகிறது. இந்த வசதியைப் பல பள்ளிகள் பயன்படுத்துவதே இல்லை. வாசிக்கும் பிள்ளையிடம் முந்தின நாள் மாலை தாளைக் கொடுத்து அனுப்புவது வீண். ஒரு வாரம் முன்பே, பெரிய எழுத்தில் அச்சிட்டு, பெயர்ச்சொற்களைப் பிரித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஒருமுறையாவது கோவிலின் ஒலிவாங்கியிலேயே வாசித்துப் பழக வேண்டும், ஏனென்றால் தன் குரல் கூடத்தின் மறுகோடியிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டதும் பழகாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாசக மேடையின் பின்னால் ஏறி நிற்க ஆடாத ஒரு பலகை வேண்டும். மன்றாட்டுகள் நான்கோ ஐந்தோ போதும், ஒவ்வொன்றும் ஒரே வாக்கியமாக இருக்கட்டும்.

நற்கருணை வேளையில் பிற சமயப் பிள்ளைகளும், கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவப் பிள்ளைகளும், புதுநன்மை வாங்காதவர்களும் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சில பங்குகளில் அவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருப்பார்கள். சில பங்குகளில் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரிசையில் வந்து ஆசீர் பெறுவார்கள். எது வழக்கம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டு, அதையே எழுதுங்கள். சொல்லாமல் விட்டால் பிள்ளை முன்னால் இருப்பவனைப் பார்த்துக் கையை நீட்டும், அருள்தந்தை தயங்குவார், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். எட்டு வயதில் அந்தக் கூச்சம் லேசான காரியமல்ல. திருப்பலியில் பங்கெடுக்க விரும்பாத குடும்பத்துக்கு அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியில் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்ற விவரத்தையும் மரியாதையோடு எழுத வேண்டும்.

கோதுமையிலுள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் விஷயத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது என்பது திருச்சபையின் விதி. 2003இலும் 2017இலும் உரோமை இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. அரிசி மாவில் செய்த ஓஸ்தியை, அதாவது திருப்பலி அப்பத்தை, வாங்கி வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவதால் பயனில்லை. குளூட்டன் மிகக் குறைவாக உள்ள கோதுமை ஓஸ்தி ஏற்கத்தக்கது. அது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒவ்வாது என்றால் திருஇரத்தம், அதாவது திருப்பலியில் அர்ப்பணித்த திராட்சை இரசம், மட்டும் வாங்கலாம், அதுவும் முழுமையான நற்கருணையே. கோட்டை விடும் இடம் அடுத்த படிதான். குறைந்த குளூட்டன் ஓஸ்தியை மற்றவற்றோடு ஒரே பாத்திரத்தில் வைத்துவிட்டால், அல்லது சாதாரண ஓஸ்திகளை எடுத்துக்கொடுத்த விரல்களாலேயே அதையும் எடுத்துக்கொடுத்தால், தனியாக வாங்கியதன் பயனே போய்விடும். மூடியுள்ள தனிச் சிமிழில் வைத்து, பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும். திருஇரத்தம் மட்டும் வாங்கும் பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் தேவை, ஏனென்றால் அருள்தந்தையின் கிண்ணத்தில் அப்பத்தின் ஒரு துண்டு இடப்பட்டிருக்கும். இதைப் பெற்றோர் திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் கோவிலின் ஆயத்த அறையான சக்ரிஸ்டியில் வந்து சொன்னால் ஒன்றும் செய்ய இயலாது. ஒரு வாரத்துக்கு முன்பே பள்ளி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

அடுத்த பருவத்தின் நாள்களை இந்தத் தாளிலேயே தரும் பள்ளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஆண்டுக்கு ஆண்டு நகரும். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். 2027இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு மார்ச் 28. 2028இலோ மார்ச் 1, ஏப்ரல் 16. உயிர்ப்பு 19 நாள் தள்ளிப்போகிறது. பழைய கோப்பிலிருந்து நகலெடுக்கும் பள்ளி, தேர்வு வாரத்துக்குள் புனித வாரத்தைக் கொண்டுபோய் வைத்துவிடும். பருவத் தேதிகளை முடிவு செய்யும்முன் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் தவக்காலம் வருமானால் விடுமுறைத் தாளிலேயே சேர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடந்த குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த குருத்தோலைகளைத் திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்பே பள்ளிக்கோ கோவிலுக்கோ திருப்பித் தர வேண்டும். அவற்றைச் சுட்டுத்தான் சாம்பல் எடுக்கிறார்கள். நன்றாகக் காய்ந்தவையாக, பிளாஸ்டிக் உறை, நாடா, ரப்பர் வளையம், குண்டூசி எதுவும் இல்லாமல் கொடுங்கள். பிளாஸ்டிக் சேர்ந்து எரிந்தால் சாம்பல் பிசுபிசுப்பாகிவிடும், பிள்ளைகளின் நெற்றியில் பூச உதவாது. திருப்பித் தர முடியாதவர்கள் குப்பையில் போடாமல் வீட்டிலேயே எரித்துச் செடியடியில் போடலாம். இன்னொன்று ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் வயிறார உண்ணும் நோன்பு. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களிடம் தொடங்கி 60ஆம் வயது தொடங்கும்வரை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனக் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இந்த இரண்டுக்குள்ளும் வரமாட்டார்கள். வீட்டு வழக்கப்படி இறைச்சியைத் தவிர்ப்பது நல்லதுதான், ஆனால் காலை உணவை நிறுத்திப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் தவத்துக்கு வேறு வழிகள் உண்டு, தவக்கால உண்டியல் அதில் ஒன்று. உண்டியலைத் திருப்பித் தரும் கடைசி நாளையும், போன முறை மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போனது என்பதையும் பள்ளி எழுதினால் அடுத்த முறை கொடுப்பவர்களின் நம்பிக்கை வளரும். இதை எழுதாமல் விடும் பள்ளிகள் உடனே தொடங்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இப்போது புதுநன்மை. அடுத்த ஆண்டு முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த விடுமுறையை விட்டால் பிறகு அல்லாடுவார்கள். பகுத்தறியும் வயது, அதாவது ஏறத்தாழ ஏழு வயது, வந்தபின் நற்கருணை கொடுக்கலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வகுத்தார். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல், செய்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இந்த ஆயத்தத்துக்குப் பங்கு கேட்பது திருமுழுக்குச் சான்றிதழ், அதாவது ஞானஸ்நானச் சான்றிதழ். சான்றிதழ் கிடைக்கும் இடம், இப்போது நீங்கள் பூசைக்குப் போகும் பங்கு அல்ல, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட பங்கு. பதிவேடு அங்கேதான் இருக்கும். ஊர் மாறி வந்தவர்கள், தாய்வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறோம்.

அந்தப் பங்குக்கு எழுதும்போது பிள்ளையின் ஞானஸ்நானப் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் நடந்த தேதி (தேதி மறந்திருந்தால் மாதமும் ஆண்டும்), தாய் தந்தை பெயர், ஞானத்தாய் ஞானத்தந்தை பெயர் இவற்றைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானப் பெயர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் புனிதரின் பெயர் என்று மூன்று பெயரோடு வளரும் பிள்ளைகள் நம்மில் ஏராளம். பள்ளிப் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் "பதிவேட்டில் இல்லை" என்ற பதில்தான் வரும். பெயர் கிடைத்தபின் எழுத்து வேறுபட்டிருந்தால் பதறாதீர்கள். பிள்ளை ஒன்றே என்பதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் படியை இணைத்துப் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். பதிவேட்டில் உள்ளதை யாரும் கேட்டவுடன் அடித்துத் திருத்த மாட்டார்கள், திருத்தத்துக்கென்று மறைமாவட்டத்தில் நடைமுறை உண்டு, அதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் இப்போதே எழுதச் சொல்கிறோம். மூலச் சான்றிதழைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாமல் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து காட்டிவிட்டு, படியைக் கொடுத்து, மூலத்தைத் திரும்ப வாங்கிச் செல்லுங்கள்.

சீரோ-மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சான்றிதழைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அவர்களில் பலருக்கு ஞானஸ்நானத்தின்போதே உறுதிப்பூசுதலும் கொடுக்கப்பட்டிருக்கும். உறுதிப்பூசுதலை இரண்டாம் முறை கொடுக்க முடியாது. பள்ளி ஒரே பட்டியலாக எல்லாப் பெயரையும் சேர்த்து உறுதிப்பூசுதலுக்கும் அனுப்பிவிட்டால் பிழை பீடம் வரை போய்விடும். பெயர் கொடுக்கும் படிவத்திலேயே "எந்த வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்" என்று ஒரு கட்டம் வைத்தால் போதும்.

புதுநன்மை உடையைப் பற்றிப் பள்ளியும் பங்கும் முன்கூட்டியே ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போட்டி தொடங்கும், இல்லாதவர் வீட்டில் கடன் ஏறும். எளிய வெள்ளை உடை போதும் என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு, வாங்க இயலாதவர்கள் இன்னாரிடம் தனியாகப் பேசலாம் என்றும் எழுதுங்கள். கட்டண பாக்கிக்கும் இதே முறைதான். பாக்கி வைத்தவர்களின் பெயரைச் சுற்றறிக்கையிலோ வகுப்பறையிலோ குழுவிலோ போடுவது கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயருக்குப் பொருந்தாத செயல். மூடிய உறையில், பெற்றோருக்கு மட்டும் கொடுங்கள்.

இனி மருந்து. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிப்பேனா, வலிப்பு மருந்து என்று பள்ளியில் வைத்திருக்கும் எதையும் விடுமுறையில் அங்கேயே விட்டுவைக்கக் கூடாது. பூட்டிய அறையில் வெப்பம் ஏறும். பள்ளி திறக்கும் அன்று காலாவதியானது தெரியாமலே பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். கடைசி நாளன்று பெற்றோர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்கிச் செல்ல வேண்டும், பிள்ளையின் பையில் போட்டு அனுப்பக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் மேலட்டையோடு நிற்காமல் மருந்தின் உடம்பிலேயே உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள், பெட்டி மாறியிருக்கலாம். ஊசிப்பேனாவின் கண்ணாடி வழியே திரவம் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியோ நிறம் மாறியோ இருந்தால் தேதி மீதமிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள், அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். இன்ஹேலரில் எண் காட்டும் கட்டம் இருந்தால் எத்தனை அழுத்தம் மீதி என்று பாருங்கள். அடுத்த பருவத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, அளவு, எந்த அறிகுறி கண்டால் கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவரின் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். "தேவைப்பட்டால்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆசிரியர் எதை வைத்து முடிவு செய்வார்?

பேன் விஷயத்தைச் சுற்றறிக்கையில் எழுதத் தயங்கும் பள்ளிகள் உண்டு. தயங்க ஒன்றுமில்லை. அது அழுக்கால் வருவதல்ல, தலையோடு தலை ஒட்டி விளையாடும் வயதில் யாருக்கும் வரும். பள்ளி நடக்கும்போது ஒரு பிள்ளைக்குப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பிள்ளையிடமிருந்து திரும்ப ஏறிவிடும். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் பார்க்க விடுமுறையே நல்ல வாய்ப்பு. முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, நெருக்கமான பல்லுள்ள பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை சீவி, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் இருக்கும். மருந்து போட்டுவிட்டு ஒரே தடவையோடு நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. பல மருந்துகள் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். எனவே மருந்துச் சீட்டில் சொன்னபடி, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளுக்குள், இரண்டாம் முறை போட வேண்டும். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது, அதனால் வீட்டையே கழுவிக் கவிழ்க்க வேண்டாம், தலையணை உறையும் சீப்பும் வெந்நீரில் துவைத்தால் போதும். பெண் பிள்ளைகளின் முடியை ஒட்ட வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளி எழுதும்போது எந்த வகுப்பு, எந்தப் பிள்ளை என்று சொல்லாமல் எல்லாருக்கும் ஒரே தாளாகக் கொடுக்க வேண்டும்.

காணாமல் போன பொருள்களைப் பற்றி ஒரு பத்தி எப்போதும் வரும். பெயர் எழுதிய பொருள் அன்றே வகுப்புக்குத் திரும்பிவிடும், பெயரில்லாத பொருள்தான் மூட்டையில் சேரும். சட்டைக் காலரில் அழியா மையால் எழுதுங்கள், தண்ணீர்ப் புட்டிக்கு மூடியிலும் உடம்பிலும் தனித்தனியாக எழுதுங்கள், ஏனெனில் இரண்டும் பிரிந்துதான் கிடைக்கும். எடுக்காத பொருள்களை எந்தத் தேதிக்குப்பின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியும் எழுதட்டும். நூலகப் புத்தகம் நனைந்திருந்தால் வெயிலில் காய வைத்துப் பூசணம் பிடித்த நிலையில் திருப்பித் தராதீர்கள், மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். நனைந்தது என்று சொல்லியே கொடுங்கள்.

கடைசி நாள் பள்ளி முன்னதாகவே விடும். ஆபத்து அதில்தான். வழக்கமான வாகனம் வராது, வழக்கமாக அழைத்துப்போகிறவர் வேலையில் இருப்பார், ஆள் மாற்றி அனுப்புவார்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் பள்ளி பிள்ளையை விடாது, சித்தப்பாவே வந்தாலும் விடாது. புதிதாக ஒருவர் வருவாரானால் முந்தின நாளே எழுத்தில் கொடுங்கள், அவரும் அடையாள அட்டையோடு வரட்டும். பருவத்தில் தொலைபேசி எண் மாற்றியவர்கள் அதையும் அதே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். விழாவில் எடுத்த படங்களில் உங்கள் பிள்ளை மட்டும் உள்ளதைப் பகிருங்கள். மற்றப் பிள்ளைகள் உள்ள படத்தைப் பொதுவில் போடும் உரிமை நமக்கில்லை. பாதுகாப்புக் காரணத்தால் முகவரியே வெளியில் தெரியக் கூடாத குடும்பங்களும் பள்ளியில் இருக்கக்கூடும்.

மதிப்பெண் அறிக்கையை வாங்கியதும் எண்ணைப் பார்ப்பதற்குமுன் வருகை நாள்களைப் பாருங்கள். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு அடிக்கடி விடுபட்ட நாள்களே காரணமாக இருப்பதுண்டு. விடுமுறையில் தினம் பதினைந்து நிமிடம் சத்தமாக வாசிக்க வைத்தால், கற்ற எழுத்து மறக்காது. அதற்குமேல் வீட்டுப்பாடம் என்று எதையும் திணிக்க வேண்டாம். காலணியைப் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் வாங்குங்கள், இந்த வயதில் கால் சீக்கிரம் வளரும். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது இரவுத் தூக்கத்தைத் தினம் கால் மணி நேரம் முன்னதாக்கிக்கொண்டே வந்தால் முதல் நாள் காலை இழுபறி இருக்காது.

தலைமையாசிரியர்களிடம் இன்னொரு கோரிக்கை. விடுமுறையில் அலுவலகம் எந்தெந்த நாள், எத்தனை மணிவரை திறந்திருக்கும், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருபவர்கள் எத்தனை நாளுக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும், அவசரத்துக்கு எந்த எண் என்பதை நினைவூட்டல் தாளின் தலையிலேயே போடுங்கள். சான்றிதழுக்காகத் தூரத்திலிருந்து பேருந்தில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

இப்படிக்கு,
கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி அலுவலகப் பணியாளர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்